மொட்டை மாடி வெயிலும் அப்பாவின் பிபியும்

சார், மாடியில் வெயில் காய்ந்துவிட்டு வந்தால் அப்பாவுக்கு பிபி கொஞ்சம் இறங்குகிறது, அதற்குப் பதில் வைட்டமின் டி மாத்திரை போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, இது வேறு கணக்கு.

தோலில் நைட்ரைட்டு போன்ற வடிவங்களில் நைட்ரிக் ஆக்சைடு என்ற, ரத்தக் குழாயைத் தளர்த்தும் வாயு ஏற்கெனவே சேமிப்பில் இருக்கிறது. வெயிலின் யுவி-ஏ கதிர் (புற ஊதாக் கதிரில் ஒரு வகை) பட்டதும் அது விடுபட்டு ரத்தத்தில் கலக்கும். ரத்தக் குழாய்ச் சுவரின் தசை தளர்ந்து குழாய் விரியும், அழுத்தம் இறங்கும். பிரிட்டனின் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர் ரிச்சர்ட் வெல்லரும் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் மார்ட்டின் ஃபீலிஷும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் 24 பேர்மீது யுவி-ஏ விளக்கைக் காட்டினார்கள். பிபி லேசாகக் குறைந்தது; வைட்டமின் டி அளவோ அசையவே இல்லை. வைட்டமின் டி உண்டாக யுவி-பி என்ற இன்னொரு வகைக் கதிர் வேண்டும்.

ஆனால் இதை நம்பி பிபி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இறக்கம் சிறியது, கொஞ்ச நேரத்துக்குத்தான். போதாததற்கு, வியர்த்து உடம்பில் நீர் வற்றினாலும் பிபி இறங்கும், அது நல்ல இறக்கம் இல்லை. (என் மாமனார் இப்படித்தான் ஒருநாள் படியில் தள்ளாடினார்.) அப்பா கீழே வந்ததும் தண்ணீர் கொடுத்து, ஐந்து நிமிடம் உட்காரவைத்து அளந்து பாருங்கள். நாலைந்து நாள் அளவைக் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.