மெகாபிக்சல் குறைந்தால் இருட்டில் கண் தெரியும்

கேள்வி: நிலா இல்லாத ராத்திரியிலும் கலரில் வீடியோ எடுக்கிற கேமரா இருக்கிறதாமே? என் போனில் ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாகத்தான் வருகிறது.

பதில்: ஐஎஸ்ஓவைக் கூட்டினால் வெளிச்சம் கூடாது, வந்த சிக்னலைப் பெருக்குகிறோம், அவ்வளவுதான். ஒளித் துகள்களான ஃபோட்டான்கள் சீராக வந்து விழுவதில்லை. ஒரு பிக்சலில் 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100 அளவில் இருக்கும், அதாவது 1 சதவீதம், கண்ணுக்கே தெரியாது; விழுவதே 4 என்றால் ஏற்ற இறக்கம் 2, பாதிக்குப் பாதி! நீங்கள் பார்க்கும் புள்ளிகளில் பெரும்பங்கு இதுதான், எந்தக் கம்பெனியாலும் இதை ஒழிக்க முடியாது. ஆகவே நிறைய வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும், வெளிச்சத்தைச் சிக்னலாக மாற்றும் சென்சார் தன் பங்குக்குச் சேர்க்கிற இரைச்சலை, அதாவது படத்தில் புள்ளிகளாகத் தெரியும் தாறுமாறான சிக்னலைக் குறைக்க வேண்டும், வேறு வழியே இல்லை.

கேனான் 2013-இல் செய்தது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். 35 மி.மீ. ஃபுல் ஃபிரேம் சென்சாரில் பிக்சல் ஒவ்வொன்றையும் 19 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாக்கினார்கள்; பிக்சல் பெரிதானால் அதில் விழும் ஃபோட்டான்களும் கூடும், ஆனால் அதே சென்சாரில் அடங்கும் பிக்சல்களின் எண்ணிக்கை குறையும். போனில் சாதாரணமாக 1 மைக்ரான் அளவில்தான் இருக்கும், பரப்பளவில் பார்த்தால் 361 மடங்கு வித்தியாசம். அந்த சென்சாரை ஜப்பானின் இஷிகாகி தீவுக்குக் கொண்டுபோய், யயேயாமா ஹிமே என்ற மின்மினிகளை வீடியோ எடுத்தார்கள். 2015-இல் வந்த கேனான் எம்இ20எஃப்-எஸ்எச் கேமராவின் ஐஎஸ்ஓ 40 லட்சத்துக்கும் மேல், ஆனால் மெகாபிக்சல் வெறும் 2.26. சரியான தேர்வு என்றுதான் சொல்வேன். மெகாபிக்சலை மட்டும் பார்த்து கேமரா வாங்குகிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஸ்பேட் சென்சார் என்று ஒன்று வந்திருக்கிறது, அதில் ஒரே ஒரு ஃபோட்டான் கிளப்பிவிடும் எலக்ட்ரான் மளமளவென்று பெருகி பெரிய துடிப்பாகிவிடும், அதை எண்ணிக்கொண்டால் போதும், சிக்னலைப் படிக்கும்போது சேருகிற இரைச்சல் கிடையாது. 2023-இல் விற்பனைக்கு வந்த கேனான் எம்எஸ்-500 இந்த வகை, இருட்டில் பல கிலோமீட்டர் தள்ளி இருப்பதைக் கண்காணிக்க.

கேள்வி: போனில் இருக்கும் நைட் மோடும் இதேதானா?

பதில்: இல்லை. அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. 16 படம் சேர்த்தால் இரைச்சல் கால்பங்காகும். அசையாத கட்டடத்துக்கு அருமை, ஓடுகிற குழந்தைக்கு உதவாது. 2019-இல் வந்த கூகுள் பிக்சல் 4 போனை முக்காலியில் வைத்தால், 16 விநாடிகள் வரையிலான 15 படங்களைச் சேர்த்து, 4 நிமிடத்தில் பால்வீதியையே எடுத்துத் தந்துவிடும்.