ஒரே நரம்பில் 38 கிராம், 0.2 கிராம்: ஆய்வகம் தவறவில்லை

ஒரே குவார்ட்ஸ் நரம்பில் (பாறை விரிசலில் பட்டையாகப் படிந்த குவார்ட்ஸ் கல்) முதல் மாதிரி டன்னுக்கு 38 கிராம் தங்கம் காட்டியது, ஒரு அடி தள்ளி எடுத்தது வெறும் 0.2, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரியாகவே இருக்கலாம். அரை மில்லிமீட்டர் தங்கத் துகள் ஒன்றின் எடை சுமார் 1.2 மில்லிகிராம். ஆய்வகம் உருக்கிப் பார்ப்பது 30 கிராம் பொடியை. அதில் அந்த ஒரே துகள் விழுந்தாலே கணக்கு டன்னுக்கு 40 கிராமுக்குப் போய்விடும்! விழாவிட்டால் ஒன்றுமில்லை. பெரிய துகள்களாகத் தங்கம் கிடக்கும் நரம்புகளில் இது வழக்கம்தான்.

அதனால் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் கல்லை மட்டும் பொறுக்காதீர்கள். நரம்பின் குறுக்கே, இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவர் வரை, ஒரே அகல ஆழத்தில் வெட்டி எடுங்கள். நரம்பை ஒட்டி இருபுறமும் இருக்கும் சுவர்ப்பாறையைத் தனி மாதிரியாக வையுங்கள். அப்புறம், ஒரு கிலோ பொடியைச் சலித்து, சல்லடையில் தங்கியதைத் தனியாக உருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். செலவு கூடும், ஆனால் இங்கே அதுதான் பேசும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் துருப்பிடித்த சதுரக் குழிகள் தெரிகின்றன. தங்கத்தோடு சேர்ந்து வரக்கூடிய பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் கரைந்துபோன இடம் அது. அந்தப் பகுதியை விடாதீர்கள், ஆர்சனிக்கும் சேர்த்துச் சோதியுங்கள்.