தக்ளி கூடாரத்தில் இருக்கட்டும், வீணை வீட்டில் இருக்கட்டும்

கேள்வி: எனக்கு 41 வயது. இங்கிலாந்தில் குளோஸ்டர் பக்கம் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். கணக்குத் துறையில் வேலை, இரண்டு பிள்ளைகள். மூன்று வருடம் முன்பு டியூக்ஸ்பரி இடைக்காலத் திருவிழாவைச் சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன். ஒரு கூடாரத்து வாசலில் ஒரு பெண் தக்ளியில், அதாவது கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறு கதிரில், கம்பளி நூற்பதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன். இப்போது நானும், அந்தக் காலத்து வாழ்க்கையையும் சண்டைகளையும் வேஷம் கட்டி நடித்துக் காட்டும் ஒரு குழுவில் உறுப்பினர். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் இரண்டு வார இறுதி ஏதாவது ஒரு கோட்டைப் புல்வெளியில் கழிகிறது. இதற்கு முன்பே வீணை கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு சிறு தோட்டத் துண்டும் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். இரண்டும் பாதியில் நிற்கின்றன. "வேஷம் கட்டிக்கொண்டு வயலில் படுப்பதற்கு ஒரு சம்பளமா?" என்கிறார் கணவர். ஊரில் அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நம் நிறத்துக்கும் 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே சில சமயம் தோன்றுகிறது. அடுத்த வருடத்துக்குள் முழு உடுப்பும் சொந்தமாகத் தைத்துக்கொள்ளச் சொல்கிறது குழு. எதையாவது ஒன்றை விட்டுவிட வேண்டுமா?
— பெயர் வேண்டாம், குளோஸ்டர்

பதில்: சகோதரி, கூச்சத்தை முதலில் தீர்த்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் இருக்கும் கவலைகளில் அதுதான் சின்னது.

நான் திண்டிவனம் பக்கத்துக்காரி. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து நடந்து, கடைசியில் படுகளம் என்று ஒரு நாள் வரும். துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரர் அந்தத் தொடையில் அடிப்பார், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். பீமன் மறுநாள் பஸ் ஓட்டப் போவார். பாஞ்சாலி வேஷம் கட்டியவர் ரேஷன் கடையில் அரிசி எடை போடுவார். உனக்கு ஏன் இந்த வேலை என்று அவர்களை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அங்கே வேண்டுதல் இருக்கிறது, சாமி இருக்கிறது, உங்கள் புல்வெளியில் அது இல்லை. ஆனாலும் அம்மாவிடம் "டியூக்ஸ்பரி படுகளம்" என்று சொல்லிப் பாருங்கள், பாதி விளக்கம் மிச்சமாகும்.

அதுவும் நிஜப் படுகளம்தானே. ஆங்கில அரியணைக்காக நடந்த உள்நாட்டுப் போரில், 1471 மே 4 அன்று லங்காஸ்டர் தரப்பு அங்கே தோற்றது. அந்தத் தரப்பின் ராணி மார்கரெட்டின் மகன் எட்வர்ட், 17 வயதுப் பையன், அன்றைக்குச் செத்தான். தப்பி ஓடி தேவாலயத்துக்குள் ஒளிந்தவர்களையும் விடவில்லை. பிடித்து வந்து தலையை வெட்டினார்கள். ஊரில் ஒரு புல்வெளிக்கு இன்றும் ‘இரத்தப் புல்வெளி’ என்றுதான் பெயர். ஜூலையில் நூற்றுக்கணக்கானவர்கள் அங்கே செத்து விழுந்து, எழுந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். வரட்டும், சிரித்துவிட்டுப் போங்கள்.

நிறம் சின்ன விஷயம் இல்லை. அதனால் ஆதாரத்தோடு சொல்கிறேன். ஜெர்மனியில் மக்டெபர்க் பேராலயத்தில் புனித மொரிஷியஸின் கற்சிலை இருக்கிறது. சுமார் 1240இல் செதுக்கியது. சங்கிலிக் கவசம் போட்ட அந்த வீரனுக்கு ஆப்பிரிக்க முகம். இங்கிலாந்திலேயே, ஏழாம் ஹென்றி, எட்டாம் ஹென்றி இருவரின் அரசவையிலும் எக்காளம் ஊதியவர் ஜான் பிளாங்க் என்ற கறுப்பர். 1511இல் நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் வீரப் போட்டியை வரைந்த நீளமான ஓவியச் சுருளில் தலைப்பாகையோடு குதிரைமேல் இருக்கிறார். நாளுக்கு 8 பென்ஸ் சம்பளம் போதாது, 16 வேண்டும் என்று மனுவும் கொடுத்திருக்கிறார். அந்த மனுவைப் பற்றிப் படித்த நாளிலிருந்து அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

இதை வைத்து, 1471இல் குளோஸ்டரில் ஒரு தமிழச்சி கடை வைத்திருந்தாள் என்று நான் கதை கட்டப்போவதில்லை. நீங்களும் கட்டாதீர்கள். ஆனால் அந்தப் புல்வெளியில் நிற்கும் யாருமே அந்த நூற்றாண்டைச் சேர்ந்தவர் இல்லையே. பிரபு வேஷம் போட்டவர் திங்கட்கிழமை காப்பீட்டு அலுவலகத்தில் இருப்பார். வில்லாளியின் பல்வரிசை பல் டாக்டர் நிமிர்த்திவிட்டது. உங்களைத் தனியாகச் சுட்டிக்காட்டி யாராவது கேட்டால், அந்த ஆள் மற்றவர்களை ஏன் கேட்கவில்லை என்று அவருக்கே புரியும்படி ஒரு தடவை பார்த்தால் போதும்.

ஆள் போனதோ இல்லையோ, நம் பக்கத்துச் சரக்கு நிச்சயமாகப் போனது. லண்டனில் மிளகு வியாபாரிகளுக்கு 1180லேயே தனிச் சங்கம் இருந்தது. இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் சுமார் 1390இல் தொகுத்த குறிப்புகளில் மிளகு, இஞ்சி, கிராம்பு, பட்டை எல்லாம் தாராளமாக விழுகின்றன. அந்தத் தொகுப்புக்கு ‘தி ஃபார்ம் ஆஃப் குரி’ என்று பெயர். குரி என்றால் அந்தக் கால ஆங்கிலத்தில் சமையல். நம் கறிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கூடாரத்துக்கு வருகிறவர்களிடம் பெருமையாக அடித்துவிடாதீர்கள். வேறு ஒன்றைச் சொல்லலாம்: 1471இல் டியூக்ஸ்பரியில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. மதுரையிலும் கிடையாது. எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்பாடு வந்தவை. உங்கள் குழு இரும்புச் சட்டியில் கிண்டும் பட்டாணி, பார்லிக் கஞ்சியைக் கூழ் குடித்து வளர்ந்த நீங்கள்தான் ஒழுங்காகக் கிண்டுவீர்கள் என்பது என் கணிப்பு. குழுவில் உங்களுக்கு ஏற்ற இடம் அடுப்படியும் தக்ளியும்தான். பெண் என்பதற்காகச் சொல்லவில்லை. கத்திச்சண்டைக்கு இரும்புத் தகட்டுக் கவசம் மட்டும் 20, 25 கிலோ வரும், அதற்குத் தனியாகப் பயிற்சி நாட்கள் வேறு. உங்களிடம் இல்லாதது நேரம்.

அந்த நேரத்தைப் பற்றித்தான் நிஜமாகக் கேட்டிருக்கிறீர்கள். கணக்குத் துறைக்காரி, ஆனால் இந்தக் கணக்கை மட்டும் போடாமல் விட்டிருக்கிறீர்கள். ஆறு மாதத்தில் 26 வார இறுதி. அதில் பன்னிரண்டு திருவிழாவுக்கு. ஒவ்வொன்றுக்கும் வெள்ளி மாலை மூட்டை கட்டுவதும், திங்கள், செவ்வாயில் ஈரக் கூடாரத்தை எங்கே விரிப்பது என்று அலைவதும் சேர்த்தி. தோட்டத்துக்கும் அதே மாதங்கள்தான் வேண்டும், களை உங்களுக்காக அக்டோபர் வரை காத்திருக்காது. வீணைக்குப் பருவமே இல்லை. அதற்குத் தினம் அரை மணி போதும், ஆனால் தினம் வேண்டும். மூன்றையும் எப்படி வார இறுதியில் திணிக்க முடியும்?

விட வேண்டியது பொழுதுபோக்கு எதையும் அல்ல, ‘மாதம் இரண்டு’ என்ற வழக்கத்தை. என் மகன் மியூனிக்கில் படித்தபோது, 2017இல் லாண்ட்ஸ்ஹூட் திருமண விழாவுக்கு என்னைக் கூட்டிப்போனான். 1475இல் போலந்து இளவரசி ஒருத்தி பவேரியப் பிரபு வீட்டு மகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாளாம், அந்தக் கல்யாண ஊர்வலத்தை 1903இலிருந்து ஊரே சேர்ந்து நடத்துகிறது. இரண்டாயிரம் பேருக்கு மேல் உடுப்புப் போட்டு வருகிறார்கள். ஆண்கள் இதற்காகவே மாதக்கணக்கில் முடி வளர்க்கிறார்கள். அந்த நீள முடியோடு ஒருவர் பேக்கரியில் எனக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இந்த விழா நாலு வருடத்துக்கு ஒரு தடவைதான். நடுவில் அவரவர் பிழைப்பைப் பார்க்கிறார்கள், மறுபடி எப்போது வரும் என்று ஏங்குகிறார்கள். அந்த ஏக்கத்தில் பாதியாவது உங்களுக்கு வேண்டும். மாதம் இரண்டு தடவை கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பாட்டுக்கு ருசி இருக்குமா?

அதனால் வருடத்துக்கு நாலு வார இறுதி. ஜூலையில் டியூக்ஸ்பரி கட்டாயம், வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகஸ்டில் பாஸ்வர்த். 1485இல் மூன்றாம் ரிச்சர்ட் செத்த சண்டை அது. 2012இல் லெஸ்டர் கார் நிறுத்தத்துக்கு அடியில் எலும்பு கிடைத்ததே, அதே ரிச்சர்ட். டியூக்ஸ்பரிக்குப் போடும் உடுப்பே அங்கேயும் செல்லும். மற்ற இரண்டை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் சண்டையைப் பார்க்க ஆசை வரும். பார்வையாளராக டிக்கெட் எடுத்துப் போய்விட்டு வாருங்கள். அது 1066, உங்களுடையது 1471. நானூறு வருட வித்தியாசத்துக்கு மூக்குக்காப்பு வைத்த தொப்பியிலிருந்து செருப்பு வரை எல்லாமே வேறு. இரண்டு நூற்றாண்டுக்கு உடுப்புச் சேர்க்க ஆரம்பித்தவர் கையில் காசு தங்காது.

உடுப்பு விஷயத்தில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் ஓவியம் கற்கப்போகிறேன் என்று பலகை, சுண்ணப் பொடி, பசை, கல், தங்க ரேக்கு எல்லாம் ஒரே நாளில் வாங்கினேன். மூன்று வகுப்புக்குப் போனேன். கிருஷ்ணருக்குக் கண் திறக்கவில்லை. பலகை இன்னும் பரண்மேல் இருக்கிறது. பொருள் வாங்குவது கற்றுக்கொள்வது மாதிரியே இருக்கும், அதுதான் அதில் ஆபத்து. முழு உடுப்பு ஒரு வருடத்தில் வேண்டாம். பெரும்பாலான குழுக்களில் புதியவர்களுக்கு இரவல் உடுப்பு இருக்கும், இன்னும் இரண்டு வருடத்துக்கு அதைக் கேளுங்கள். முதலில் ஒரு நல்ல தோல் காலணி, அப்புறம் ஒரு லினன் உள்ளங்கி, தலைத்துணி. கம்பளி மேலங்கி பிறகு. ஜூலையில் கம்பளியா என்று நம் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் அடுப்புப் பக்கம் நிற்கிறவளுக்கு அதுதான் பாதுகாப்பு. கம்பளி சட்டென்று பற்றாது. பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், அது கலந்த துணி எதுவும் அங்கே வேண்டாம். கண்ணாடி போடுகிறவரானால் கழற்றவும் அவசியமில்லை. மூக்கில் கவ்வும் கண்ணாடி 13ஆம் நூற்றாண்டு இத்தாலியிலேயே வந்துவிட்டது, அந்த மாதிரியில் ஒன்று கிடைக்கும்.

தோட்டத்தையும் திருவிழாவையும் சேர்த்துக் கட்டலாம். அந்தக் காலத்து ஐரோப்பியச் சாயம் மூன்று செடியில் அடங்கும்: நீலத்துக்கு வோட், சிவப்புக்கு மேடர், மஞ்சளுக்கு வெல்ட். வோட் இலையில் கிடைக்கும் நீலமும் நம் அவுரி நீலமும் ஒரே பொருள்தான், செடிதான் வேறு. மேடர் நம் மஞ்சிட்டிக்குச் சொந்தக்காரி. ஒரு பாத்தியில் இவற்றை வையுங்கள், மீதியில் வழக்கம்போல வெந்தயக் கீரையோ பீன்ஸோ போடுங்கள். மேடர் வேரைத் தோண்ட மூன்று வருடமாவது பொறுக்க வேண்டும். அந்தச் சாக்கில் தோட்டத்தைக் கைவிட மாட்டீர்கள்.

வீணையை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். குழுவில் யாராவது, "உங்கள் ஊர் வாத்தியத்தைக் கொண்டு வாருங்களேன்" என்று ஆசையாகக் கேட்பார்கள். வீணையில் விரல் வைக்கும் மெட்டுகள் மெழுகில் பதித்தவை, ஜூலை வெயிலில் கூடாரத்துக்குள் என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும். தவிர, 24 மெட்டு வைத்த இன்றைய வீணை தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில் உருவானது என்பார்கள். உங்கள் குழுவின் சட்டப்படி அது பிற்காலத்துச் சரக்கு, உள்ளே விடக் கூடாது! ஆனால் இதெல்லாம் சாக்கு. யாரும் பார்க்காமல், எதற்கும் உதவாமல் ஒரு விஷயம் உங்களுக்கு இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன். அக்டோபர் முதல் மார்ச் வரை குளிர்கால மாலைகளை உடுப்புத் தைப்பதற்குக் கொடுக்காதீர்கள். அவை வீணைக்கு.

கணவர் விஷயம். ‘ஒரு சம்பளமா’ என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் சம்பளம் அது. சரி, கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு யோசித்தால், அவருக்கு வேஷம் பிரச்சினை இல்லை என்று தோன்றுகிறது. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை இரவு பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டது யார்? பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப்போனது யார்? நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை, அதனால்தான் கேட்கிறேன். பன்னிரண்டு நாலாகப் போகிறது என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு ஞாயிறு பகலுக்கு மூவரையும் வரச் சொல்லுங்கள். உடுப்புப் போடச் சொல்லாதீர்கள். ரப்பர் முனை வைத்த அம்பு பறப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும், அவர் உங்கள் கூழைக் குடித்துவிட்டு உப்பு பற்றிக் குறை சொல்லட்டும். பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் வர வேண்டாம், அதில் தப்பில்லை.

இன்னொன்று. உங்கள் அம்மாவுக்கு 65 தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வயதுக்காரர்கள் பலர் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தக்ளி வகுப்பில் உட்கார்ந்தவர்கள். எனக்கும் இருந்தது. நூல் அறுந்த கணக்கில் டீச்சரிடம் வாங்கிய கொட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த தடவை வீடியோவில் பேசும்போது உங்கள் தக்ளியை எடுத்துக் காட்டுங்கள். பஞ்சின் இழை குட்டை, கம்பளி இழை நீளம், அதனால் கம்பளித் தக்ளி கொஞ்சம் கனமாக இருக்கும், கையிலிருந்து தொங்கவிட்டுச் சுற்றலாம். "இது என்ன இவ்வளவு குண்டாக இருக்கிறது?" என்றுதான் அம்மா முதலில் கேட்பார்.