கதிர் எந்தப் பக்கமிருந்து வருகிறது? கதிர்வீச்சு சிகிச்சை: கேள்வி பதில்

மருத்துவ இயற்பியலாளராக என் வேலையே கதிர் எங்கிருந்து, எந்தக் கோணத்தில், எவ்வளவு போக வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான். அந்த வட்டத்துக்குள் வரும் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். யாருக்கு எவ்வளவு டோஸ் என்பதை அவரவர் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கரண்ட் வைக்கும்போது மெஷின் நான்கு பக்கமும் போய் நிற்கிறது. ஒரே பக்கத்திலிருந்து கொடுத்தால் போதாதா?

போதாது. 6 எம்.வி. (60 லட்சம் வோல்ட்டில் உண்டாக்கும்) எக்ஸ்ரே தோலுக்குக் கீழே சுமார் ஒன்றரை செ.மீ. ஆழத்தில் உச்சத்தைத் தொடும். அப்புறம் குறைந்துகொண்டே போய், 10 செ.மீ. ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். அந்த ஆழத்தில் உள்ள கட்டிக்கு 2 கிரே (உடம்பு வாங்கும் கதிர் அளவின் அலகு) சேர வேண்டுமானால், வழியில் இருக்கும் நல்ல சதை 3 கிரே வாங்கும். வியாதி இல்லாத இடத்துக்கு அதிகம், வியாதிக்குக் குறைவு!

20 செ.மீ. தடிமனுள்ள உடம்பில் முன்னும் பின்னுமாக இரண்டு கதிர் வைத்தால், எதிர்க்கதிர் வெளியேறும்போது தரும் பங்கையும் சேர்த்து, நுழையும் இடத்தில் சுமார் 2.1 கிரே. நான்காகப் பிரித்தால் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். இடுப்பின் பக்கவாட்டில் தடிமன் கூடுதல் என்பதால் அங்கே கொஞ்சம் அதிகமாகும். நான்கும் சந்திக்கும் நடுவில் மட்டும் முழு 2 கிரே.

மெஷின் எப்படிச் சுற்றினாலும் கதிரின் மையக்கோடு ஒரே புள்ளி வழியாகத்தான் போகும். அதை ஐசோசென்டர் என்போம். லினாக்கில் (மின்சாரத்தால் எக்ஸ்ரே உண்டாக்கும் மெஷின்) அது கதிர் புறப்படும் இடத்திலிருந்து 100 செ.மீ. அம்மாவின் உடம்பில் போட்ட கோடுகள் லேசரோடு பொருத்தி அந்தப் புள்ளியைப் பிடிக்கத்தான். தேய்த்துக் குளித்து அழித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வார்கள். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் சிறுகுடல் மேலே தள்ளப்பட்டு கதிரிலிருந்து கொஞ்சம் விலகும்.

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் மாணவன். உச்ச டோஸ் ஏன் தோலிலேயே இல்லை?

எக்ஸ்ரே நேரடியாகக் கொடுப்பதைவிட, அது மோதி விடுவிக்கும் எலக்ட்ரான்கள்தான் ஆற்றலைச் சதையில் இறக்குகின்றன. அவை முன்னோக்கிக் கொஞ்ச தூரம் ஓடித்தான் அந்த ஆற்றலைக் கொடுத்து முடிக்கும். அதனால் தோலுக்கு ஓரளவு தப்பிப்பு. கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளை வைத்த மெஷினில் கதிரின் சராசரி ஆற்றல் 1.25 எம்.இ.வி. (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்)தான், அதற்கு உச்சம் அரை செ.மீ. ஆழத்திலேயே வந்துவிடும். சில சமயம் இந்தத் தப்பிப்பே தொல்லை: மார்பகம் அகற்றியபின் தோலுக்கும் டோஸ் வேண்டியிருந்தால், மேலே போலஸ் என்ற சதை போன்ற தகட்டை வைத்து உச்சத்தை மேலே இழுப்போம்.

கேள்வி: ரேடியோதெரபி டெக்னாலஜி படிக்கிறேன். கதிர் புறப்படும் இடத்துக்கும் நோயாளிக்கும் உள்ள தூரம் 1 செ.மீ. தவறினால் அப்படி என்ன ஆகிவிடும்?

டோஸ் தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். 100 செ.மீ. 101 ஆனால் டோஸ் 2 சதவீதம் குறையும். 105 ஆனால் 9 சதவீதம். 80 செ.மீ. தூரத்தில் வைக்கும் கோபால்ட்டில் அதே 1 செ.மீ.க்குச் சுமார் இரண்டரை சதவீதம். சின்ன எண்ணாகத் தெரியும். தினமும் ஒரே பக்கம் தவறினால் சிகிச்சை முழுக்க அப்படியே இருக்கும். அதோடு கதிரை விடும் கோபால்ட் துண்டே ஒன்றரை, இரண்டு செ.மீ. அகலம். ஆகவே கதிரின் ஓரம் மங்கலாகப் பரவும். லினாக்கில் கதிர் பிறக்கும் புள்ளி சில மி.மீ.தான், ஓரம் கூர்மை. கண் நரம்பு, தண்டுவடம் பக்கத்தில் வேலை செய்யும்போது இந்த வித்தியாசம் நன்றாக உறைக்கும்.

கேள்வி: சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தால் குழந்தை பக்கத்தில் போகலாமா?

வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் என்றால், தாராளமாக. மெஷின் நின்றதும் கதிர் போய்விட்டது.

கேள்வி: ஏன் 25 நாள்? ஒரேயடியாகக் கொடுத்து முடிக்கக் கூடாதா?

நல்ல செல்கள் இடைவெளியில் டி.என்.ஏ. சேதத்தைப் புற்றுநோய் செல்களைவிட நன்றாகச் சரிசெய்துகொள்ளும். அதற்கு அவகாசம் தரத்தான் 2 கிரே வீதம் 25 தடவை. இப்போது மார்பகத்துக்கு 15 தடவையில் 40 கிரே என்பது சகஜம். மூளையில் சின்னக் கட்டி என்றால் ஒரே நாளில்கூட முடிப்பார்கள். பல கோணங்களிலிருந்து மெல்லிய கதிர்களைக் குவித்து, பக்கத்து நல்ல திசுவுக்கு டோஸ் போகாமல் பார்த்துக்கொள்ள முடிவதால்தான் அந்தத் துணிச்சல்.

கேள்வி: புரோட்டான்தான் சிறந்தது என்கிறார்களே, கடன் வாங்கியாவது போகலாமா?

புரோட்டான் எக்ஸ்ரே மாதிரி இல்லை, அது ஒரு துகள். தன் ஓட்டத்தின் கடைசியில் ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். அதற்கப்பால் டோஸ் ஏறக்குறைய இல்லை. குழந்தைகளின் மூளை, தண்டுவடக் கட்டிகளுக்கு இது பெரிய லாபம். சென்னையில் 2019 முதல் இந்த வசதி இருக்கிறது. ஆனால் எல்லாக் கட்டிக்கும் அந்த லாபம் கிடைக்காது. கடன் வாங்குமுன், உங்கள் கட்டிக்குப் பின்னால் காப்பாற்ற வேண்டிய உறுப்பு எது, சாதாரண லினாக் பிளானில் அதற்கு எத்தனை கிரே போகிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிளானில் அந்த எண் இருக்கும்.