போலீஸைத் திருத்துவதா, சமூகத்திடம் விடுவதா? சித்தப்பாவோடு நான் போட்ட சண்டை

கேள்வி இதுதான்: “குற்றம் குறைய வேண்டுமென்றால் காவல்துறையைச் சீர்திருத்த வேண்டுமா, இல்லை அந்தப் பணத்தைச் சமூக அமைப்புகளுக்குக் கொடுத்துக் குற்றம் நடக்கும் முன்பே தடுக்க வேண்டுமா?”

எனக்கு இது பல வருட வீட்டுச் சண்டை. என் சித்தப்பா முப்பத்து நான்கு வருடம் போலீஸில் இருந்து எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். நான் கூர்நோக்கு இல்லத்திலிருந்து வெளியே வரும் பையன்களுக்குச் சில வருடம் பாடம் சொல்லிக் கொடுத்தவன். சண்டை எப்போதும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடியும்.

“ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தன் கதவை உடைச்சிக்கிட்டு உள்ள வர்றான். உன் சமூகம் வருமா, நான் வரணுமா?”

“நீங்க வந்து சேர்றதுக்குள்ள அவன் போயிருப்பான் சித்தப்பா.”

ஒருநாள் வேறு மாதிரி கேட்டேன். ஒரு ராத்திரி டியூட்டியில் வந்த போன்களை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். கணவன் மனைவி சண்டை, இரண்டு. நடுரோட்டில் குடித்துவிட்டுக் கிடந்தவர். வீட்டுக்கு வழி மறந்துபோன பெரியவர். ஒரு விபத்து. சுவர் தகராறு. போன் பறிப்பு. ஒரு கத்திக்குத்து. அப்புறம், மூன்று நாளாகத் தூங்காமல், யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று மொட்டைமாடியில் நின்று கத்திய ஒரு பையன்.

ஒன்பது. “இதுல நிஜமான கேஸ் ரெண்டுதான்” என்றார். குடும்பத் தகராறை அப்படித் தள்ளிவிட முடியாது, அடி விழுந்திருந்தால் அதுவும் குற்றம்தான் என்று நான் பிடித்துக்கொண்டதில் ஒரு மணி நேரம் போனது. சரி, நான்கு என்றே வைத்துக்கொள்வோம். மற்ற ஐந்துக்கும் லத்தி எதற்கு?

மாடியில் நின்ற பையன் என்ன ஆனான் என்று கேட்டேன். “நாலு பேர் ஏறிப் போய் மடக்கினோம். கை முறிஞ்சிருச்சு.” அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. “எங்களுக்குக் கத்துக் குடுத்தது மடக்கறதுதான். வேற என்ன செய்ய?”

என் பதிலை இங்கிருந்து தொடங்குகிறேன். போலீஸா சமூகமா என்று கேட்பதற்கு முன், எந்த அழைப்புக்கு யார் போக வேண்டும் என்று கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீரும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் யூஜீன் என்ற ஊரில் 1989-இல் ‘கஹூட்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஒரு மருத்துவப் பணியாளர், ஒரு மனநெருக்கடி ஆலோசகர், ஒரு வேன். கையில் ஆயுதம் கிடையாது. மனநலச் சிக்கல், போதை, தெருவில் படுத்திருப்பவர் என்று அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகளுக்கு அவர்கள் போனார்கள். 2019-இல் ஏறத்தாழ 24,000 அழைப்புகள். ஆபத்து என்று போலீஸ் துணை கேட்டது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. டென்வர் நகரம் 2020-இல் இதே போன்ற ஒன்றைத் தொடங்கியது. அது இயங்கிய பகுதிகளில் சிறு குற்றப் புகார்கள் 34 சதவீதம் குறைந்ததாக 2022-இல் ஓர் ஆய்வு வந்தது.

ஆனால் யூஜீனில் அந்தச் சேவை 2025 ஏப்ரலில் நின்றுபோனது. முக்கியக் காரணம் பணம். முப்பத்தைந்து வருடம் ஓடிய வண்டிக்கே இந்தக் கதி. சமூகத் திட்டம் என்றால் செலவில்லாத திட்டம் என்று நினைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு வர வேண்டிய ஆலோசகருக்கும் மாதச் சம்பளம் வேண்டும்.

அடுத்தது ரோந்து. ஜீப் சுற்றிக்கொண்டே இருந்தால் திருடனுக்குப் பயம் வரும் என்பது சித்தப்பாவின் நம்பிக்கை. கன்சாஸ் சிட்டியில் 1972-73-இல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பதினைந்து பீட்களை, அதாவது ரோந்துப் பகுதிகளை, மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் வழக்கமான ரோந்து, ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு, ஐந்தில் ரோந்தே கிடையாது, கூப்பிட்டால் மட்டும் வருவார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குற்ற எண்ணிக்கையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. மக்களில் பெரும்பாலோர் எதுவும் மாறியதைக் கவனிக்கவே இல்லை.

இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு வந்த கோபம் நியாயமானதுதான். ஏனென்றால் கதை அங்கே முடியவில்லை. 1989-இல் மினியாபோலிஸ் நகர அழைப்புகளை அலசியபோது, மூன்று சதவீதத்துக்குச் சற்றே கூடுதலான முகவரிகளிலிருந்துதான் பாதி அழைப்புகள் வந்தன என்று தெரிந்தது. அப்படிப்பட்ட முனைகளில் போலீஸைக் குவித்தால் குற்றம் குறைகிறது என்று பிறகு பல சோதனைகள் காட்டின. குற்றம் அடுத்த தெருவுக்கு ஓடிவிடும் என்ற பயமும் பெரும்பாலும் பொய்த்தது. இன்னொன்று: அமெரிக்காவின் 242 நகரங்களை 1981 முதல் 2018 வரை ஆராய்ந்தவர்கள், கூடுதலாகப் பத்து முதல் பதினேழு போலீஸாரைச் சேர்த்தால் ஒரு கொலை குறைகிறது என்று கணக்கிட்டார்கள். அதே கணக்கில், கூடுதல் போலீஸ் வந்ததும் அற்பக் காரணங்களுக்கான கைதுகள் பெருகின. அந்தச் சுமை அதிகம் விழுந்தது கறுப்பின மக்கள் மேல். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். சித்தப்பா முதல் பாதியோடு நிறுத்திவிடுவார். என் நண்பர்கள் இரண்டாம் பாதியிலிருந்து தொடங்குவார்கள்.

சீர்திருத்தம் என்றால் என்ன என்பதிலும் இதே குழப்பம். ‘போலீஸையே கலைத்த நகரம்’ என்று நியூ ஜெர்சியின் கேம்டனைச் சொல்வார்கள். 2013-இல் நகரக் காவல்துறையைக் கலைத்தது உண்மை. ஆனால் அதன் இடத்தில் மாவட்ட அளவில் அமைத்த படையில் ஆட்கள் முன்பைவிட அதிகம். தெருவில் நடந்து போகச் சொன்னார்கள், பலத்தைப் பயன்படுத்தும் விதிகளை இறுக்கினார்கள். 2012-இல் 67 ஆக இருந்த கொலைகள் 2019-இல் 25 ஆகின. இதைக் கலைப்பு என்பதா, விரிவாக்கம் என்பதா? ஜார்ஜியா நாட்டில் 2004-இல் போக்குவரத்துப் போலீஸை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிய ஆட்களை நல்ல சம்பளத்தில் எடுத்தார்கள். சாலையில் லஞ்சம் பெருமளவு ஒழிந்தது. ஆனால் 2012-இல் அதே அரசின் சிறையில் கைதிகளைச் சித்திரவதை செய்யும் வீடியோ வெளியே வந்து, ஆட்சியே போனது. லஞ்சம் போனால் அடியும் போய்விடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நான் மதிக்கும் சீர்திருத்தம் வட அயர்லாந்தில் நடந்தது. 1999-இல் பேட்டன் ஆணையம் 175 பரிந்துரைகள் கொடுத்தது. 2001-இல் படையின் பெயர், சின்னம் எல்லாம் மாறின. புராட்டஸ்டண்டுகளே நிறைந்திருந்த படை அது. பத்து வருடம் புதிய ஆட்களில் சரிபாதி கத்தோலிக்கர் என்று விதி வைத்து, எட்டு சதவீதமாக இருந்த அவர்களின் பங்கை முப்பது சதவீத அளவுக்குக் கொண்டுவந்தார்கள். புகாரை விசாரிக்கப் போலீஸுக்குச் சம்பந்தமில்லாத தனி அலுவலகம் வந்தது. போலீஸ் மேல் வரும் புகாரைப் போலீஸே விசாரித்தால் யார் போய்ப் புகார் கொடுப்பார்கள்? இந்தியாவிலும் 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஏழு வழிகாட்டுதல்களில் புகார் ஆணையம் ஒன்று. எஸ்.பி.க்கும் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கும் இரண்டு வருட நிலையான பதவிக்காலம் இன்னொன்று. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதைத்தான் ஸ்டேஷன் கேட்கும். இதில் மட்டும் சித்தப்பாவும் நானும் ஒரே கட்சி.

உடையில் மாட்டும் கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாஷிங்டனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸாரை வைத்துச் செய்த சோதனையில், கேமரா இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று 2017-இல் அறிவித்தார்கள். சாட்சிக்கு உதவும், சுபாவத்தை மாற்றாது.

இப்போது அந்தக் கத்திக்குத்து. ஒன்பது அழைப்பில் ஒன்று என்றேனே, அது. குறைந்தது ஆறு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. “அந்தத் தெருவுல எங்களுக்குக் குடிக்கத் தண்ணிகூடத் தர மாட்டாங்க” என்றார் சித்தப்பா. ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். ஏழெட்டு மாதம் முன்னால் அந்தத் தெருப் பையன் ஒருவனை ஒரு திருட்டு கேஸில் சந்தேகத்தில் கூட்டிப் போய் நன்றாகக் கவனித்து அனுப்பியிருக்கிறார்கள். பையன் எடுக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. கத்திக்குத்து கேஸ் கடைசிவரை துலங்கவில்லை. குத்துப்பட்டவனின் அண்ணன் தானே கணக்குத் தீர்த்துக்கொண்டான். அப்போது இரண்டாவது கேஸ்.

அன்றைக்கு அந்தப் பையனை அடித்தது யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

துப்பு துலக்குவது என்பது பெரும்பாலும் யாராவது வந்து சொல்வதுதான். மோப்ப நாயும் கைரேகையும் அதற்கு அப்புறம். ஆகவே ஸ்டேஷனில் அடிப்பதை நிறுத்துவது குற்றவாளிக்குக் காட்டும் கருணை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். தகவல் வரும் வழியை அடைக்காமல் இருக்கும் வேலை அது. நியூயார்க்கில் 2011-இல் மட்டும் 6,85,000-க்கும் மேற்பட்ட முறை ஆட்களைத் தெருவில் நிறுத்திச் சோதித்தார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் மேல் கைதோ வழக்கோ இல்லை. அதைப் போலீஸ் நடத்திய விதம் அரசியலமைப்புக்கு எதிரானது என்று 2013-இல் நீதிமன்றம் சொன்னது. 2015-இல் எண்ணிக்கை 23,000-க்கும் கீழே வந்துவிட்டது. பயமுறுத்தியபடி குற்றம் வெடிக்கவில்லை.

சரி, சமூகப் பக்கம். சிகாகோ பள்ளிகளில் பதின்ம வயதுப் பையன்களுக்கு ஒரு பயிற்சி கொடுக்கிறார்கள். இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவன் கையில் ஒரு பந்து. மற்றவன் முப்பது விநாடிக்குள் அதை வாங்க வேண்டும். எல்லோரும் முறுக்குவார்கள், இழுப்பார்கள், கட்டிப் புரளுவார்கள். முடிந்ததும் கேள்வி: “குடு என்று ஏன் கேட்கவில்லை?”

நான் இதைச் சாக்பீஸை வைத்துச் செய்து பார்த்தேன். ஒருவனுக்குச் சட்டைப் பொத்தான் போனது, சாக்பீஸ் பொடியானது. கேட்டதற்கு ஒருவன் சொன்னான்: “கேட்டா கெஞ்சுற மாதிரி ஆயிடும்ல சார்.” எதிரே இருந்தவன் விரலில் ஒட்டியிருந்த பொடியைத் தட்டிக்கொண்டே, “கேட்டிருந்தா குடுத்திருப்பேன். சாக்பீஸ்தானே” என்றான். வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சிகாகோவில் அந்தத் திட்டத்தில் இருந்த காலத்தில், பையன்கள் வன்முறைக் குற்றங்களுக்குக் கைதாவது 45 முதல் 50 சதவீதம் குறைந்தது. திட்டம் முடிந்த பின் அந்த விளைவு நிலைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தைப் பார்த்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து வேலை செய்ததைக் காணலாம். 2005-இல் அங்கே வன்முறைக் குறைப்புப் பிரிவைத் தொடங்கியது போலீஸேதான். 2008 முதல் கும்பல் பையன்களை நீதிமன்ற அறைக்கே வரச் சொல்லிக் கூட்டினார்கள். உங்களில் ஒருவன் கத்தி எடுத்தால் மொத்தக் கும்பலையும் விடமாட்டோம் என்று போலீஸ் சொன்னது. வெட்டுக்காயங்களைத் தைத்த மருத்துவர் பேசினார். மகன் வெட்டுப்பட்ட ஒரு தாய் பேசினார். விட்டுவிட நினைப்பவனுக்குப் படிப்பு, வேலை, ஆலோசனை என்று ஒரு தொலைபேசி எண். அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் ஸ்காட்லாந்தின் கொலை எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மிரட்டல் இல்லாமல் வெறும் தொலைபேசி எண், அல்லது எண் இல்லாமல் வெறும் மிரட்டல், இரண்டில் எதுவும் தனியாகப் பலித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மனிதரை விட்டு இடத்தைத் திருத்தினாலும் பலன் உண்டு. பிலடெல்பியாவில் குப்பைமேடான 541 காலிமனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியைச் சுத்தம் செய்து புல் நட்டு வேலி போட்டார்கள். ஏழைப் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. இதற்கு ஒரு போலீஸும் கூடுதலாகத் தேவைப்படவில்லை.

என் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சமூகம் என்ற சொல்லுக்குத் தனிப் புனிதம் எதுவும் கிடையாது. 1939-இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய ஒரு திட்டத்தில் பையன்களுக்கு வருடக்கணக்கில் ஆலோசனையும் கோடை முகாமும் கொடுத்தார்கள். முப்பது வருடம் கழித்துப் பார்த்தால், உதவி கிடைத்தவர்களின் நிலை கிடைக்காதவர்களைவிட மோசம். சிறைக்குக் கூட்டிப் போய்க் கைதிகளைக் காட்டிப் பயமுறுத்தும் திட்டங்கள் குற்றத்தைக் கூட்டவே செய்தன. 2012-இல் ஃபுளோரிடாவில் டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுப் பையனைச் சுட்டுக் கொன்றவர் குடியிருப்புக் காவல் தன்னார்வலர். மேற்பார்வை இல்லாத சமூகக் காவல் எவ்வளவு சீக்கிரம் கட்டப்பஞ்சாயத்தாகும் என்பது நமக்குத் தெரியாததா?

போன முறை பார்த்தபோது சித்தப்பாவிடம் இப்படிக் கேட்டேன்: பத்துப் புதுப் பணியிடத்துக்குக் காசு இருக்கிறது, எப்படிப் பிரிப்பீர்கள்? ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் எழுதினார். ராத்திரி மனநல அழைப்புகளுக்கு இரண்டு பேர். பையன்களோடு வேலை செய்ய ஒருவர். ஸ்டேஷன் எழுத்து வேலைக்கு ஒருவர், அதனால் விசாரணைக்குப் போக வேண்டிய ஏட்டு வெளியே போகலாம். மீதி ஆறும் போலீஸ்.

அந்த ஆறில் ஒன்றைப் புகார் விசாரிக்கும் தனி ஆளுக்குக் கொடுங்கள் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். “அவனுக்குச் சம்பளம் யாரு குடுப்பா? எங்க எஸ்.பி.யா, வேற யாராவதா?”

வேறு யாராவது என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். கவர் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.