தண்ணீரே இல்லாத பாலைவனத்தில் ஒட்டகம் எப்படிப் பால் கொடுக்கிறது? அந்தப் பால் ஏன் இவ்வளவு விலை?

தண்ணீர் கிடைக்காவிட்டால் பால் கெட்டியாகி வற்றிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒட்டகத்தில் நடப்பது நேர்மாறு. 1980இல் யாகில், எட்சியோன் என்ற இரு இஸ்ரேலிய ஆய்வாளர்கள், தண்ணீர் குறைத்துக் கொடுத்த ஒட்டகங்களின் பாலைச் சோதித்தார்கள். பாலில் இருந்த நீர் 86 சதவீதத்திலிருந்து 91 ஆகக் கூடியது. கொழுப்பு 4.3 சதவீதத்திலிருந்து 1.1க்கு இறங்கிவிட்டது. தாய் தாகத்தில் இருக்கும்போது கன்றுக்கு முதலில் வேண்டியது தண்ணீர்தானே. கூடவே மேய்ப்பவனுக்கும் அதுதான் குடிநீர். சோமாலிய மேய்ப்பர்கள் கிணறு இல்லாத மேய்ச்சல் நிலத்தில் நாள்கணக்கில் பாலை மட்டுமே குடித்து ஓட்டுகிறார்கள்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? திமிலிலிருந்து அல்ல, அதில் இருப்பது கொழுப்பு. ஒட்டகம் செலவைக் குறைத்துத்தான் சமாளிக்கிறது. உடல் வெப்பத்தை விடியலில் 34 டிகிரி, பிற்பகலில் 41 டிகிரி வரை ஏற இறங்க விட்டு வியர்வையை மிச்சம் பிடிக்கும். சிறுநீர் கொஞ்சம்தான், சாணம் காய்ந்த கட்டி. தண்ணீரைக் கண்டால் 10 நிமிடத்தில் 100 லிட்டர் குடித்துவிடும்.

சரி, விலைக்கு வருவோம். நான் ஐக்கிய அரபு அமீரகத்தில் அல் ஐன் நகரப் பக்கம் வேலை பார்ப்பதால் கறவையை நேரில் பார்த்திருக்கிறேன். முதலில் கன்றை விட வேண்டும். அது முட்டி முட்டிக் குடித்தால்தான் தாய் பாலைச் சுரக்கும். சுரப்பு ஒன்றிரண்டு நிமிடம்தான் நிற்கும், அதற்குள் கறந்துவிட வேண்டும். கறந்த சூடான்காரர் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலை மடக்கி, தொடை மேல் பாத்திரத்தை வைத்துக்கொண்டு கறந்தார். ஒட்டகத்தின் மடி உயரம் அப்படி! கன்று செத்துவிட்டால் அதன் தோலைக் காட்டி ஏமாற்றிக் கறப்பதும் உண்டு, நம் ஊரில் வைக்கோல் கன்று கட்டுவதைப் போல. சினைக் காலம் 13 மாதம், இரண்டு வருடத்துக்கு ஒரு கன்று. துபாயில் 2006 முதல் பெரிய பண்ணை வைத்து இயந்திரத்தில் கறக்கிறார்கள், அங்கும் கன்றைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டுதான். இவ்வளவும் சேர்ந்தால் விலை எப்படிக் குறையும்?

சுவை? லேசாக உப்புக் கரிக்கும், மற்றபடி மெலிந்த பசும்பால் மாதிரிதான். டீ நன்றாக வரும். கட்டித் தயிரை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பால் இறுகி உறையக் காரணமான கப்பா கேசீன் என்ற புரதம் இதில் மிகக் குறைவு, அதனால் எவ்வளவு உறை ஊற்றினாலும் மோர் மாதிரி ஓடும். சீஸ் செய்வதும் இதே காரணத்தால் பெரும்பாடு. கஜகஸ்தானில் அதைப் புளிக்க வைத்து ஷுபத் என்று குடித்துவிடுகிறார்கள், அதுதான் புத்திசாலித்தனம்.

சர்க்கரை நோய் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதைத்தான் நம்ப மாட்டேன். ராஜஸ்தானில் ஒட்டகப் பால் குடிக்கும் ராய்கா மக்களிடம் சர்க்கரை நோய் இல்லை என்று பிகானேர் மருத்துவர்கள் 2007இல் எழுதியது உண்மை. ஆனால் அவர்கள் தினமும் ஒட்டகத்தின் பின்னால் நடக்கிறவர்கள், நாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள். பால் குடிக்கலாம், மாத்திரையை நிறுத்த வேண்டாம். பச்சையாகவும் குடிக்க வேண்டாம். புருசெல்லா கிருமி வரும், மூச்சுத் திணறல் நோய் தரும் மெர்ஸ் வைரஸ் ஒட்டகங்களிடம் இருப்பதால் உலக சுகாதார நிறுவனமும் காய்ச்சிக் குடிக்கத்தான் சொல்கிறது.

இந்தியாவில் வாங்க நினைத்தால், 2019இல் அமுல் கட்ச் பகுதிப் பாலைப் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கியது. ராய்காக்களில் பழைய ஆட்கள் ஒட்டகப் பாலை விற்பதையே பாவமாக நினைத்தவர்கள். இப்போது நாட்டில் ஒட்டக எண்ணிக்கையே 2012இல் 4 லட்சமாக இருந்தது 2019இல் இரண்டரை லட்சமாகிவிட்டதால், மந்தையைக் காப்பாற்றப் பால் விற்பனைதான் வழி என்று அவர்களிலேயே பலர் இறங்கிவிட்டார்கள்.