வண்டி இருப்பதால்தான் என்னை வைத்திருக்கிறார்களா?

அன்புள்ள அம்மா,

எனக்கு 20 வயது. கடலூரில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீடு புதுப்பாளையம். அப்பா திருப்பூரில் கம்பெனி வேலை, மாதம் ஒருமுறை வருவார். அம்மா வீட்டிலேயே தைக்கிறார்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருக்கிறோம். நான் கீபோர்டு. நானும் டிரம்மரும் கடலூர், மற்ற மூவரும் பாண்டி. கல்யாண ரிசப்ஷன், பிறந்தநாள் என்று வாசிப்போம். சீசனில் மாதம் இரண்டு நிகழ்ச்சி கிடைக்கும். ஒரு ரிசப்ஷனுக்கு 12,000 ரூபாய். சவுண்ட் வாடகை 4,500 போக ஆளுக்கு 1,500. வாரம் இரண்டு நாள் முதலியார்பேட்டையில் பாடகன் வீட்டு மொட்டை மாடியில் பிராக்டீஸ்.

போக வர எல்லாவற்றுக்கும் என் மாமாவின் மாருதி ஆம்னிதான். 2008 மாடல். சிங்கப்பூர் போகும்போது, “சும்மா நிக்க வேணாம், ஓட்டிக்கிட்டு இரு” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆர்.சி. அவர் பெயரில். 15 வருடம் முடிந்து, இன்னும் புதுப்பிக்கவில்லை. இன்சூரன்ஸும் போன தீபாவளியோடு முடிந்துவிட்டது. ஒரு தடவை போய் வர 350 ரூபாய்க்குப் பெட்ரோல் வேண்டும், அதுவும் பாண்டியில் விலை குறைவு என்று அங்கேயே போட்டால். யாரும் காசு கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

மாசி மகம் அன்று மாலை வில்லியனூரில் ஒரு ரிசப்ஷன். தேவனாம்பட்டினம் தீர்த்தவாரிக்குப் போய்த் திரும்பும் கூட்டத்தில் மாட்டி, கடலூரைத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. பெண்ணையாற்றுப் பாலத்திலேயே டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தது. கிருமாம்பாக்கத்தில் வண்டி நின்றேவிட்டது. டிரம்மர் தண்ணீர் வாங்கப் போனான். நான் அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டேன். ஆவி வலது கையில் அடித்தது.

ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். மேடைக்குப் பக்கத்திலேயே எல்லார் முன்னாலும் பாடகன் கத்தினான். “உன் ஓட்டை வண்டியால எங்க மானம் போகுது. மெயின்டெய்ன் பண்ண முடியலேன்னா சொல்லிடு.” பெண் வீட்டார் 2,000 பிடித்துக்கொண்டார்கள். கையில் கொப்புளம். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டரை மணி நேரம் வாசித்தேன். ஒருத்தன்கூடக் கவனிக்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றார். அதுவும் கிளட்ச்சும் சேர்த்து 9,000. கல்லூரியில் கட்டச் சொல்லி அம்மா கொடுத்த 9,500-இல் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். கட்டிவிட்டதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. கடைசித் தேதிக்கு இன்னும் 11 நாள். தமிழ்ப் புதல்வன் பணம் மாதம் 1,000 வருகிறது, அதுவும் பெட்ரோலுக்கே போகிறது. மொபைல் ஆப்பில் கடன் வாங்கலாம் என்று ஒரு நண்பன் சொல்கிறான். வண்டியைக் காயலாங்கடைக்குப் போடு என்கிறார்கள். இவ்வளவு செலவு செய்த பிறகு எப்படி?

மூன்று வாரமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வாசிக்கும்போது கார்டு (chord) மறந்துபோகிறது, படித்தது நிற்பதில்லை. எங்காவது போய்விடலாம் போல இருக்கிறது. வண்டி இல்லையென்றால் இவர்கள் என்னைக் குழுவில் வைத்திருப்பார்களா என்றே தெரியவில்லை. நான் பேண்டை விட்டுவிடவா?

பெயர் வேண்டாம்,
கடலூர்

*

அன்புத் தம்பிக்கு,

கை எப்படி இருக்கிறது? மூன்று வாரம் ஆகியும் தோல் இறுக்கமாக இருந்தாலோ, விரலை விரித்தால் வலித்தாலோ, அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். கீபோர்டு வாசிக்கிற கை. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் தொட வேண்டும் என்பது இனி உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நீங்கள் கேட்டது பேண்டைப் பற்றி. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு விஷயங்கள் அவசரம்.

முதலாவது, இன்சூரன்ஸ் இல்லாமல் அந்த வண்டியை எடுக்காதீர்கள். இன்று மாலைகூட. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வண்டி யார் மீதாவது மோதினால், இழப்பீடு வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையிலும் ஓட்டியவர் தலையிலும்தான் விழும். சிங்கப்பூரில் சம்பாதிக்கும் உங்கள் மாமாவுக்குத் தெரியாமலேயே அவரை அடமானம் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். டிரம்மரையும் ஏற்றிக்கொண்டு கடலூர் சாலையில் ராத்திரி பதினோரு மணிக்குத் திரும்பும் வண்டி அது.

இரண்டாவது அம்மா. இந்த வாரமே சொல்லுங்கள். 11 நாளில் 9,000 ரூபாய் எங்கிருந்தோ வரும் என்று காத்திருப்பதால்தான் ஆப் கடன் நல்ல யோசனையாகத் தெரிகிறது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம். உங்கள் போனில் உள்ள எண்களை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு நாள் தவறினால் அத்தனை பேருக்கும் போன் போட்டு மானத்தை வாங்கும் ஆப்கள் நிறைய இருக்கின்றன. அதில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முன்பே எதையாவது இறக்கிவைத்து மிரட்டல் வந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

அம்மாவிடம் சுற்றி வளைக்காமல், “நீ குடுத்த ஃபீஸ் காச வண்டிக்கு செலவு பண்ணிட்டேன், கட்டிட்டேன்னு பொய் சொன்னேன்” என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். திட்டுவார். அழவும் செய்யலாம். அதற்கு நடுவில் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். மறுநாள் துறைத் தலைவரைப் பார்த்து, பாதியை இப்போதும் மீதியை அபராதத்தோடும் கட்ட வழி உண்டா என்று கேளுங்கள். கடைசித் தேதிக்கு முன்னால் வந்து கேட்கிற மாணவனுக்குக் கிடைக்கிற பதில், தேதி முடிந்து வந்து நிற்பவனுக்குக் கிடைப்பதில்லை.

இனி பேண்ட்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். “சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசித்தேன், ஒருத்தன்கூடக் கவனிக்கவில்லை” என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றேன். தம்பி, மறைத்தது நீங்கள். மறைத்ததைப் பார்க்கவில்லை என்று கோபப்படுவதும் நீங்கள். பெட்ரோல் காசும் இதே கதைதான். ஆர்.சி. முடிந்தது, ஃபீஸ் போனது, தூக்கம் போனது எதுவும் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். பாடகனுக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு மணி நேரம் பெண் வீட்டாருக்குப் பதில் சொல்லிக்கொண்டு தான் தனியாக நின்றது. அவன் கத்தியது தப்பு, அதுவும் ஊர் முன்னால். ஆனால் அவன் உங்கள் கொப்புளத்தைப் பார்த்துவிட்டுக் கத்தவில்லை.

நீங்கள் எழுதாத கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். (பி.காம். பையனுக்கு நான் கணக்குச் சொல்கிறேன், பாருங்கள்.) மாதம் எட்டு பிராக்டீஸ், இரண்டு நிகழ்ச்சி. பத்து நடை, நடைக்கு 350, ஆக 3,500. வருமானம் 3,000. சீசனிலேயே மாதம் 500 ரூபாய் கைக்காசு போட்டு வாசிக்கிறீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, பிராக்டீஸ் மட்டும் இருக்கும். ரிப்பேர் இதில் சேரவே இல்லை.

ஏன் கேட்கவில்லை? கூச்சம் என்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கடைசியில் நீங்களே எழுதிவிட்டீர்கள்: வண்டி இல்லையென்றால் வைத்திருப்பார்களா? அந்த 3,500-ஐ உங்கள் இடத்துக்கு வாடகையாக நினைத்துக் கொடுத்துவருகிறீர்கள். பெட்ரோலுக்குப் பங்கு கேட்டால் அந்த இடம் போய்விடுமோ என்ற பயம். காயலாங்கடை என்றதும் மனது கனப்பதும் போட்ட காசுக்காக மட்டும் இல்லை. போட்ட காசைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அந்த 9,000 வண்டியை வைத்திருந்தாலும் வராது, விற்றாலும் வராது. இதே ஆம்னியை இந்த நிலையில் யாரோ ஒருவர் விற்க வந்தால், ஆர்.சி. புதுப்பிப்பு, இன்சூரன்ஸ், அடுத்த ரிப்பேர் எல்லாம் சேர்த்து நீங்கள் இன்று வாங்குவீர்களா? எங்கள் வீட்டில் ஒரு பஜாஜ் சேத்தக் இருந்தது. ஒரு பக்கம் சாய்த்தால்தான் கிளம்பும். என் கணவர் அதை விற்ற அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் பஸ்ஸில் நேரத்துக்கு ஆபீஸ் போய்விட்டார், அது வேறு விஷயம்.

ஆனால் முடிவு உங்களுடையது அல்ல, மாமாவுடையது. வாட்ஸப்பில் அழைத்து, பேப்பர் எல்லாம் முடிந்துவிட்டது, என்னால் செலவு தாங்க முடியவில்லை என்று சொல்லுங்கள். புதுப்பிக்கச் சொல்லிப் பணம் அனுப்பினால் சரி. விற்கச் சொன்னாலும் சரி.

கார்டு மறப்பது, படித்தது நிற்காதது பற்றி. உங்களுக்குப் புத்தி மழுங்கவில்லை. உங்களுக்குப் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நாட்களில், அவர்களுக்குச் சில புதிர்களைக் கொடுத்தார்கள். கரும்புப் பணம் வந்த பிறகு அதே ஆட்களுக்கு மறுபடி கொடுத்தார்கள். முதல் தடவை மதிப்பெண் நன்றாகவே குறைந்திருந்தது. ஆள் அதேதான். பணக் கவலை தலைக்குள் இடத்தை அடைத்துக்கொள்கிறது, மற்றதற்கு இடம் இருப்பதில்லை. ஃபீஸ் விஷயம் அம்மாவுக்குத் தெரிந்த பிறகு மூன்று மணி விழிப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் தூக்கம் வரவில்லையென்றால் ஜிப்மர் மனநலப் பிரிவில் போய்க் காட்டுங்கள். “எங்காவது போய்விடலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது “இருக்கவே வேண்டாம்” என்று எந்த ராத்திரியிலாவது மாறினால், அந்த நிமிடமே 14416-க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவரையும் எழுப்பிவிடுங்கள்.

குழுவிடம் எப்படிப் பேசுவது? வாட்ஸப் குரூப்பில் வேண்டாம். நிகழ்ச்சி முடிந்து சாமான் ஏற்றும்போதும் வேண்டாம், அப்போது எல்லாருக்கும் பசி. டிரம்மரிடம் முதலில் தனியாகப் போய்ப் புலம்பவும் வேண்டாம். அவன் நல்லவனாகவே இருக்கட்டும், ஆனால் அந்த நிமிடமே கடலூர்க் கட்சி, பாண்டிக் கட்சி என்று ஆகிவிடும். பிராக்டீஸ் தொடங்கும் முன் ஐந்து பேரும் உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள்.

“அன்னைக்கு லேட் ஆனது என் வண்டியாலதான், சாரி. ஆனா அந்த வண்டிய இனிமே எடுக்க மாட்டேன். பெட்ரோலே மாசம் மூவாயிரத்து ஐந்நூறு ஆவுது, ஃபீஸ் கட்டல. இனிமே ஷோ அன்னைக்குக் குட்டி யானை பிடிப்போம், அந்த வாடகைய சவுண்ட் காசு மாதிரி முதல்லயே கழிச்சிடுவோம். பிராக்டீஸுக்கு நான் பஸ்ல வரேன், ஒரு வாரம் இங்க, ஒரு வாரம் கடலூர்ல வெச்சிக்கலாமா?”

குட்டி யானைக்கு 2,000 ஆனாலும் ஆளுக்கு 400தான். எல்லார் முன்னாலும் திட்டியது பற்றி அன்றைக்கே பேச வேண்டாம். அதைப் பாடகனிடம் தனியாக வேறு ஒரு நாள் கேளுங்கள். கேட்கத்தான் வேண்டும், விட்டுவிடச் சொல்லவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நண்பர்களுக்குள் காசு பேசுவது கேவலம் என்று உங்கள் வயதில் தோன்றும். பேசாமல் விட்டதால்தான் இப்போது அவன் பாட்டு எடுக்கும்போதெல்லாம் உங்களுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

“வண்டி இல்லேன்னா நீ வேணாம்” என்று அவர்கள் சொல்லிவிட்டால்? சொல்லக்கூடும், இல்லை என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொன்னால், அவர்கள் தேடியது ஒரு டிரைவரை என்று தெரிந்துவிடும். அன்று பேண்டை விடலாம். அதுவரை விட வேண்டாம்.

இவ்வளவு நீளக் கடிதத்தில் நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. வண்டி, பெட்ரோல், கேஸ்கெட் எல்லாம் இருக்கிறது. ஜூன் 21-ஐ ஒட்டிப் பாண்டித் தெருக்களில் உலக இசை நாள் கொண்டாடுவார்கள். 1982-இல் பிரான்சில் தொடங்கிய வழக்கம். பெரிய வித்வானாக இருக்க வேண்டியதில்லை, சம்பளமும் கிடையாது. உங்கள் பரீட்சையும் அதற்குள் முடிந்திருக்கும். கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டு கடலூர் பஸ் ஏறிப் போங்கள். என்ன வாசித்தீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அம்மா என்ன சொன்னார் என்பதையும்.